லத்தீனுக்குப் போன குர்ஆன்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, குர்ஆனை முதன்முதலில் மொழிபெயர்த்த ஐரோப்பியர் யார்? எதற்காகச் செய்தார்?

பதில்: "முதலில்" என்று கேட்டால் எந்த மொழியில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கிரேக்கத்தில் 9ஆம் நூற்றாண்டிலேயே ஒரு மொழிபெயர்ப்பு இருந்தது. பைசாந்திய எழுத்தாளர் நிகேதாஸ் தம் மறுப்பு நூலில் அதிலிருந்துதான் வசனங்களை எடுத்துக் காட்டுகிறார். லத்தீனில் முழுக் குர்ஆனையும் முதலில் தந்தவர் கெட்டன் ராபர்ட் என்ற ஆங்கிலேயர். முடித்த ஆண்டு 1143.

செய்யச் சொன்னவர் பிரான்சின் க்ளூனி மடத் தலைவர் பீட்டர். 1142இல் ஸ்பெயினுக்குப் போனவர், எப்ரோ ஆற்றுப் பக்கம் ராபர்ட்டையும் கரிந்தியா ஹெர்மனையும் கண்டுபிடித்தார். இருவரும் அரபு வானவியல் நூல்களுக்காக அங்கே தங்கியிருந்தவர்கள். மத விவாதத்துக்காக அரபு படித்தவர்கள் அல்லர். பெரிய தொகை கொடுத்துத்தான் பீட்டர் அவர்களை இந்த வேலைக்கு இழுத்தார். வேலை முடிந்ததும் ராபர்ட் தம் துறைக்கே திரும்பினார். பீட்டரின் நோக்கம் இஸ்லாத்தை மறுத்து எழுதுவது. அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் மறுப்பதற்கு முன் மூல நூலைப் படிக்க வேண்டும் என்று செலவு செய்து ஆள் வைத்தார். அந்தக் காலத்தில் அது புதிது.

ஒரு எச்சரிக்கை. பீட்டர் செய்யச் சொன்ன மொழிபெயர்ப்புகளின் தொகுப்புக்கு, ஸ்பெயினின் தொலேதோ நகரை வைத்துத் "தொலேதோ தொகுப்பு" என்று பெயர் நிலைத்துவிட்டது. அதை வைத்து ராபர்ட் தொலேதோவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார் என்று எழுதாதீர்கள். அவர் வேலை செய்தது வடக்கே, எப்ரோ பள்ளத்தாக்கில்.

கேள்வி: ஒரே ஆள் ஒரு வருடத்துக்குள் முழுக் குர்ஆனையும் எப்படி முடிக்க முடியும்?

பதில்: குர்ஆன் ராபர்ட்டின் பங்கு. தொகுப்பின் மற்ற நூல்களைப் பலர் பிரித்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் கடிதத்தில் வாதிடுவதாக அமைந்த அல்-கிந்தியின் நூலை எடுத்தவர் தொலேதோ பீட்டர். அவருக்கு அரபு அளவுக்கு லத்தீன் வராது. அதனால் மடத் தலைவரின் செயலர், பொய்த்தியே பீட்டர், லத்தீன் நடையைச் செப்பனிட்டார். முகம்மது என்ற முஸ்லிம் ஒருவரும் குழுவில் இருந்தார். (பீட்டர்கள் மொத்தம் மூன்று பேர். யார் எந்த ஊர் என்று குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால் குழம்பிவிடும்.)

கேள்வி: குர்ஆனை முதலில் மொழிபெயர்த்தவர் தொலேதோ மார்க் என்று படித்தேனே?

பதில்: மார்க் இரண்டாமவர். ஆண்டு 1210 வாக்கில். இவர் உண்மையிலேயே தொலேதோக்காரர், அங்குள்ள பேராலயத்தைச் சேர்ந்த குரு.

கேள்வி: ராபர்ட், மார்க் இருவருக்கும் என்ன வித்தியாசம்? ஒரு எடுத்துக்காட்டு கொடுங்கள்.

பதில்: பிஸ்மில்லாவை, அதாவது இறைவன் பெயரால் தொடங்கும் முதல் வரியை, எடுத்துக்கொள்வோம். "ரஹ்மான்", "ரஹீம்" இரண்டும் ர-ஹ-ம் என்ற ஒரே வேரில் பிறந்தவை. மார்க் "மிசெரிகோர்திஸ், மிசெராதோரிஸ்" என்று போடுகிறார். லத்தீனிலும் இரண்டும் ஒரே வேர். அரபு வாசகனின் காதில் விழும் அந்த எதிரொலி லத்தீனிலும் விழுகிறது. ராபர்ட்டோ ஒன்றுக்கு "மிசெரிகோர்ஸ்", மற்றதற்கு "பியுஸ்" என்று வேறு வேறு வேர்களை எடுக்கிறார். பொருள் வருகிறது, ஒலி போய்விடுகிறது. "அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன்" என்னும் தமிழ் வழக்கிலும் அருள் ஒரு வேர், அன்பு வேறு வேர். இந்த இடத்தில் தமிழ் ராபர்ட்டின் வழியில்தான் போகிறது.

குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் வசனங்களை ராபர்ட் ஒரே நீண்ட லத்தீன் வாக்கியமாகக் கோத்துவிடுகிறார். "ரப்புல் ஆலமீன்" அவரிடம் "பிரபஞ்சத்தைப் படைத்தவன்" ஆகிறது. "ரப்" என்பதிலுள்ள இறைவன், வளர்ப்பவன் என்ற பொருள் நழுவிவிடுகிறது. மார்க் அரபுச் சொல் வரிசையை விட்டு அதிகம் விலகமாட்டார். அதனால் அவர் லத்தீன் கரடுமுரடாக இருக்கும். இடைக்கால வாசகர்கள் ராபர்ட்டின் நடையைத்தான் விரும்பினார்கள். இன்று கிடைக்கும் கையெழுத்துப் பிரதிகளிலும் ராபர்ட்டுடையவைதான் பல மடங்கு அதிகம்.

கேள்வி: நடையெல்லாம் இருக்கட்டும். ராபர்ட் வேண்டுமென்றே திரித்தவர். தலைப்பே நபிகளைப் பழிக்கிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பதில்: தலைப்பில் பழிச்சொல் இருப்பது உண்மை. படிக்கும்போது மனம் புண்படும். ஆனால் ஏட்டில் மூன்று அடுக்கு இருக்கிறது: தலைப்புகள், ஓரக்குறிப்புகள், நடுவே மொழிபெயர்ப்பு. மிகப் பழைய பிரதி பாரிஸின் ஆர்செனால் நூலகத்தில் உள்ள 1162ஆம் எண் ஏடு. அதன் ஓரங்களில் வசை நிறையவே உண்டு. நடுவிலுள்ள வாசகத்தை அரபோடு வைத்துப் பாருங்கள். வசனத்தின் சொல்லில் இல்லாத விளக்கம் பல இடங்களில் வாக்கியத்துக்குள் வந்திருக்கும். அதைப் பார்த்ததும் "திரிபு" என்று முடிவுகட்டாமல் தஃப்சீரை (குர்ஆன் உரை நூலை) திறந்தால், அதே விளக்கத்தை முஸ்லிம் உரையாசிரியர்களே சொல்லியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். ராபர்ட் உரைகளைப் பார்த்தோ கேட்டோதான் வேலை செய்திருக்கிறார். திரிக்க நினைக்கிறவன் இவ்வளவு பாடுபட மாட்டான்.

கேள்வி: முன்பு கேட்டவன்தான். செகோவியா ஹுவான் என்ற கிறிஸ்தவ அறிஞரே ராபர்ட்டைக் குறை சொல்லியிருக்கிறாரே!

பதில்: ஆமாம், சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ஆனால் அவர் என்ன குறை சொன்னார்? முன்னால் இருப்பதைப் பின்னால் கொண்டுபோகிறார், உள்ளடங்கிய பொருளை வெளிப்படையாக எழுதுகிறார், சிலவற்றை விட்டுவிடுகிறார், தம் சொந்த நடையைப் புகுத்துகிறார் என்று. அத்தனையும் உண்மை, நானும் ஒத்துக்கொள்கிறேன். மொழிபெயர்ப்பு முறையின் மீதான குற்றச்சாட்டு வேறு, கெட்ட எண்ணத்தின் மீதான குற்றச்சாட்டு வேறு. ராபர்ட்டின் வாசகத்துக்கு அவரைக் கேளுங்கள். ஓரக்குறிப்புக்கு அதை எழுதியவரைக் கேளுங்கள்.

கேள்வி: ராபர்ட்டின் லத்தீனில் சூரா எண்கள் நம் குர்ஆனோடு ஒத்துவரவில்லை. என் பிரதி தவறா?

பதில்: பிரதி சரிதான். தொடக்கத்திலுள்ள நீண்ட சூராக்களை (அத்தியாயங்களை) பல துண்டுகளாக்கித் தனித்தனி எண் கொடுத்திருப்பதால் மொத்தம் 114ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் "அசோரா" என்று பெயர். அரபு "அஸ்-ஸூரா" லத்தீன் வாயில் அப்படி ஆகிவிட்டது. எண்ணை வைத்துத் தேடாதீர்கள். அரபில் அந்த இடத்தின் ஆட்பெயர் அல்லது ஊர்ப்பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு லத்தீனில் தேடுங்கள். வசன எண்ணும் உதவாது, ராபர்ட் வசனங்களை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறார்.

கேள்வி: அவிசென்னா, அரிஸ்டாட்டில் நூல்களை மொழிபெயர்த்த ஜெரார்டு பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: அது மருத்துவ, தத்துவ நூல்களின் வரலாறு. தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகங்கள் அரபு கற்பித்தனவா?

பதில்: தாளில் கற்பித்தன. ரமோன் லுல் என்ற கத்தலான் அறிஞர் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக, வியென் திருச்சங்கம் 1312இல் ஆணையிட்டது: பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, பொலோஞா, சலமாங்கா, போப்பின் அரசவை ஆகியவற்றில் எபிரேயம், அரபு, கல்தேயம் (அரமேயம்) கற்பிக்க மொழிக்கு இரண்டு ஆசிரியர். அரபுக்கு நிலையாக எதுவும் நடக்கவில்லை. கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியர் பதவி வந்தது 1632இல், ஆக்ஸ்ஃபோர்டில் 1636இல்.

கேள்வி: குர்ஆனை முதலில் மொழிபெயர்த்தது யார் சார்?

பதில்: முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள். தொலேதோ எச்சரிக்கையையும் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி: அச்சில் எப்போது வந்தது?

பதில்: 1543, பாசல் நகரம். பதிப்பாசிரியர் பிப்லியாண்டர், அச்சிட்டவர் ஒபோரினுஸ். நகர மன்றம் தாள்களைப் பறிமுதல் செய்து ஒபோரினுஸைச் சிறையில் வைத்தது. சீர்திருத்தத் தலைவர் லூதர் கடிதம் எழுதி ஆதரித்த பிறகே வெளிவந்தது. உள்ளே இருந்தது ராபர்ட்டின் அதே 400 வருடப் பழைய லத்தீன். அதிலிருந்து 1547இல் இத்தாலியம், இத்தாலியத்திலிருந்து 1616இல் ஜெர்மன், ஜெர்மனிலிருந்து 1641இல் டச்சு. ராபர்ட் "ரப்" என்பதை நழுவவிட்டது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நீங்களே கணக்கிடலாம்.

கேள்வி: முஸ்லிம் அறிஞர் ஒருவரே மொழிபெயர்த்த சம்பவம் உண்டா?

பதில்: உண்டு. செகோவியா ஹுவான் தம் கடைசிக் காலத்தில் சவோய் மலைப்பகுதியிலுள்ள ஐத்தோன் மடத்துக்கு ஈசா என்ற ஃபகீஹை (இஸ்லாமியச் சட்ட அறிஞரை) ஸ்பெயினிலிருந்து வரவழைத்தார். 1455 டிசம்பரில் வந்த ஈசா நான்கு மாதம் தங்கினார். முதல் மாதம் அரபு வாசகத்தை எழுதினார்; இரண்டாவது மாதம் உயிர்க்குறிகளை இட்டார்; மூன்றாவது மாதம் காஸ்தீலிய (ஸ்பானிய) மொழியில் பெயர்த்தார்; நான்காவது மாதம் இருவரும் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். அவர் ஊர் திரும்பிய பின் ஹுவான் லத்தீனைச் சேர்த்தார். அரபு, காஸ்தீலியம், லத்தீன் மூன்றும் அடங்கிய அந்த நூல் தொலைந்துவிட்டது. மிஞ்சியவை ஹுவானின் முன்னுரையும் லத்தீனில் சில துண்டுகளும்தான்.