வெளிநாட்டு விருந்தினருக்கு என்ன சமைப்பது?

கேள்வி: என் கணவருடன் பணிபுரியும் ஜப்பானியர் மூவர் அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு இரவு உணவுக்கு வருகிறார்கள். காரம் பழகாத அவர்களுக்கு என்ன சமைக்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: நம் வீட்டுச் சாப்பாட்டை ருசிக்கத்தான் அவர்கள் வருகிறார்கள் என்பதால், நூடுல்ஸ் தேடி அலைய வேண்டாம். குருமாவில் அரைத்துவிட்ட முந்திரி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முந்திரி, நிலக்கடலை, பால் ஆகியவற்றில் எதுவும் ஒவ்வாமை தருமா என்று கணவர் மூலம் முன்பே கட்டாயம் கேட்டுவிடுங்கள்.

என் தேர்வு இடியாப்பமும் திருநெல்வேலிச் சொதியும்தான். காய்களை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, கீறிப்போட்ட பச்சை மிளகாயை எடுத்துவிட்டு, கெட்டியான முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடியதுமே இறக்கிவிடுங்கள்; கொதித்தால் திரிந்துவிடும். காரம் வேண்டுவோருக்கு இஞ்சித் துவையலைத் தனியே வையுங்கள். கறிவேப்பிலையை ஒதுக்கிவிடலாம் என்பதையும் அன்போடு சொல்லுங்கள்.