பங்குச்சந்தை விழும்போது தாங்கும் என்று கமாடிட்டி ஃபண்டில் போடலாமா?

நீங்கள் மாதச் சம்பளக்காரர், நிஃப்டி ஃபண்டில் எஸ்ஐபி ஓடுகிறது, பிஎஃப் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். சந்தையோடு சேர்ந்து விழாத ஒன்றைத் தேடுகிறீர்கள். அப்படியானால் முதலில் அந்தக் கமாடிட்டி (தங்கம், எண்ணெய், உலோகம் போன்ற பண்டங்கள்) ஃபண்டின் ஃபேக்ட்ஷீட்டை, அதாவது விவரத்தாளைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எனக்கும் வங்கியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "சார், கமாடிட்டி ஃபண்ட். உங்க போர்ட்ஃபோலியோவை பேலன்ஸ் பண்ணிடும்" என்றார். பட்டியலை அனுப்பச் சொன்னேன். ஸ்டீல் கம்பெனி, சிமென்ட் கம்பெனி, அலுமினியக் கம்பெனி என்று வரிசையாகப் பங்குகள்தான். ஒரு கிராம் தங்கம் இல்லை, ஒரு பீப்பாய் எண்ணெய் இல்லை. "தம்பி, இதில் பெரிய கம்பெனிகள் எல்லாம் என் நிஃப்டி ஃபண்டிலேயே இருக்கே. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 13 சதவீதம் போச்சே, அன்றைக்கு இது மட்டும் நின்றிருக்குமா?" என்று கேட்டேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர்தான், அப்புறம் கூப்பிடவே இல்லை.

2022-ஐக் காட்டி யாராவது சண்டைக்கு வருவார்கள். சரி, உக்ரைன் போர் நடந்த அந்த ஆண்டு அமெரிக்காவில் பங்கும் பாண்டும் (கடன் பத்திரமும்) சேர்ந்தே விழுந்தபோது கமாடிட்டி குறியீடுகள் ஏறின. நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய், செம்பு, சோளம் எல்லாம் கலந்த அந்த வெளிநாட்டு ஃபண்டுகள் பெரும்பாலும் வைத்திருப்பது ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதியில் இன்ன விலைக்கு வாங்குகிறேன் என்ற காண்ட்ராக்ட். காண்ட்ராக்ட் முடியும்போதெல்லாம் அடுத்த மாதத்துக்கு மாற்ற வேண்டும். அடுத்த மாத விலை கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு முறையும் பணம் கொஞ்சம் தேயும். 2008 ஜூலையில் 147 டாலர் விற்ற எண்ணெய், டிசம்பரில் பங்குகளோடு சேர்ந்தே 40-க்குக் கீழே வந்தது. 2020 ஏப்ரலில் நம் பண்டச் சந்தையான எம்சிஎக்ஸ் கச்சா எண்ணெய் காண்ட்ராக்ட்டை மைனஸ் 2,884 ரூபாயில் முடித்ததையும் மறக்க வேண்டாம்.

நம் ஊர் மியூச்சுவல் ஃபண்டில் நேரடியாகக் கிடைப்பது தங்கமும் வெள்ளியும். தங்கத்தை வாங்கி வைத்து, அதன் யூனிட்டைப் பங்குபோலச் சந்தையில் விற்கும் கோல்டு இடிஎஃப் 2007 முதலே இருக்கிறது. என் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு அதில்தான். நகை வாங்கினால் ஆகாதா என்று வீட்டில் கேட்பார்கள். செய்கூலி, சேதாரம் போனது போனதுதான். அதற்கு லாக்கர் வேறு தேட வேண்டும்.

இடிஎஃப் வாங்கத் தேவையான டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) இல்லையென்றால், பல வகைச் சொத்தில் போடும் மல்டி அசெட் ஃபண்டைப் பாருங்கள். குறைந்தது மூன்று வகைச் சொத்தில், ஒவ்வொன்றிலும் 10 சதவீதமாவது வைக்க வேண்டும் என்பது சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. அதிலும் தங்கம், வெள்ளி எவ்வளவு என்று பார்த்துவிட்டே போடுங்கள்.