தடய அறிவியல் படிக்க விரும்பும் மகளும் பத்தாம் வகுப்புப் பாடத்தேர்வும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் தடய அறிவியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்பதையும், கொலை நடந்த வீடும் பிணவறையும் ஒரு பெண்பிள்ளை வேலை பார்க்கும் இடமா என்று டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் உறவினர் கலங்குவதையும் உங்கள் கடிதத்தில் படித்தேன். பத்தாம் வகுப்புக்கான பாடத்தேர்வுப் படிவத்தைப் பள்ளி விரைவில் கேட்கும் என்பதால், அனுப்பலாமா கூடாதா என்ற கேள்விக்கு முன்பாக வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்: எந்த வகைச் சான்றோடு அவள் வாழ்நாளெல்லாம் பழக விரும்புகிறாள்? தடய அறிவியல் ஒரே வேலை அன்று. இரத்தக்கறை, கைரேகை, துப்பாக்கிக் குண்டு, இறந்தவரின் உடல், கைப்பேசி என்று சான்று மாறும்போது படிக்க வேண்டிய பட்டமும், சம்பளம் தரும் துறையும், அன்றாடம் போய்வரும் இடமும் மாறிவிடுகின்றன.

தொலைக்காட்சித் தொடர்களில் ஒரே ஆள் சம்பவ இடத்துக்குப் போய், ஆய்வகத்திலும் அமர்ந்து, குற்றவாளியையும் விசாரிப்பதாகக் காட்டுகிறார்கள். நம் தென்னாப்பிரிக்காவில் அப்படி நடப்பதில்லை. சம்பவ இடத்தைப் படமெடுத்து, அளந்து, கைரேகைத் தூள் தூவித் தடயங்களை எடுப்பவர்கள் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் உள்ளூர்க் குற்றப்பதிவு மையங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் முதலில் காவலராகச் சேர்ந்து, அடிப்படைப் பயிற்சி முடித்து, அதன் பிறகே இந்தப் பிரிவுக்கு வருகிறார்கள். பிரிட்டோரியா, கேப்டவுன், கெபெர்ஹா, நமக்கு அருகில் அமான்சிம்டோட்டி ஆகிய ஊர்களில் உள்ள காவல்துறை ஆய்வகங்களில் பணிபுரியும் அறிவியலாளர்களோ சம்பவ இடத்தைப் பெரும்பாலும் பார்ப்பதேயில்லை. முத்திரையிட்ட உறையில் வந்து சேரும் பொருளைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டாரின் கலக்கம் கொலைக்களத்தைப் பற்றியது மட்டும்தான் என்றால், ஆய்வக வழி அதைப் பெருமளவு தீர்த்துவிடும்.

உயிரியல் சான்று என்பது இரத்தம், உமிழ்நீர், விந்து, வேரோடு பிடுங்கப்பட்ட மயிர், தோல் செல்கள் ஆகியவை. 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டறிந்த பிறகு, குற்ற வழக்குகளில் இந்தச் சான்றுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இதில் ஆய்வுக் கருவியைவிடப் பொருளைக் கையாளும் ஒழுக்கமே முதலில் வருகிறது. இரத்தத்தில் நனைந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் பெருகி டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும், ஆகவே அதை உலர்த்திக் காகிதப் பையில் வைக்கிறார்கள். தீ வைப்பு வழக்கில் எடுக்கும் சாம்பலையும் கரிந்த துணியையும் கையாளும் முறை இதற்கு நேர் எதிரானது: பெட்ரோல் ஆவி தப்பிவிடாதபடி காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைக்க வேண்டும். அந்தப் பை யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்குப் போனது என்பதற்குப் பதிவு இல்லாமல் போனால், உள்ளே இருக்கும் சான்று எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் நீதிமன்றத்தில் அதன் மதிப்பு சரிந்துவிடும். பள்ளி ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை உங்கள் மகள் எப்படி எழுதுகிறாள் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இந்தத் துறைக்கு அவள் பொருந்துவாளா என்பதற்கு மதிப்பெண் பட்டியலைவிட அது நம்பகமான அறிகுறி.

2013-ஆம் ஆண்டின் 37-ஆம் இலக்கச் சட்டம் 2015-இல் நடைமுறைக்கு வந்து தேசிய டி.என்.ஏ. தரவுத்தளத்தை நிலைப்படுத்தியது. ஆனால் 2021-இல் 1,00,000-க்கும் அதிகமான டி.என்.ஏ. மாதிரிகள் ஆய்வு செய்யப்படாமல் தேங்கிக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களும் குழந்தைகளும் வழக்கு நகராமல் காத்திருந்தார்கள். ஆகவே இந்த நாட்டுக்கு இத்தகைய ஆய்வாளர்கள் தேவை என்பதில் ஐயமே இல்லை. தேவை இருக்கிறது என்பதற்காக அரசுப் பணியிடங்கள் உடனுக்குடன் அறிவிக்கப்படும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். இதைப் பட்டப்படிப்பைப் பற்றிச் சொல்லும்போது மீண்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கைரேகைக்கும் நம் மக்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் கீழ் கல்கத்தாவில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள் கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தார்கள். 1897-இல் அங்கே கைரேகைப் பணியகம் அமைந்தது. 1900-இல் ஹென்றி தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். இந்தியர்கள் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று இங்கிருந்த டிரான்ஸ்வால் குடியேற்ற அரசு 1907-இல் சட்டம் கொண்டுவந்தபோது, காந்தியின் சத்தியாக்கிரகத் தோழர் தம்பி நாயுடுவோடு தமிழர்கள் பெருந்திரளாகச் சிறைக்குச் சென்றார்கள். ஒரு சமூகத்தையே சந்தேகத்துக்குரியதாக நடத்தப் பயன்பட்ட அதே கருவி, இன்று குற்றமற்ற ஒருவரை விடுவிக்கவும் பயன்படுகிறது. அதைக் கையாளப் போகும் பெண்ணுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

கைரேகை பொய் சொல்லாது என்று பலரும் நம்புகிறார்கள். ரேகை பொய் சொல்லாது என்றே வைத்துக்கொண்டாலும், அது எந்தப் பொருளின் மேல் இருந்தது என்பதை மனிதர்கள்தாம் எழுதிவைக்கிறார்கள். 2005-இல் ஸ்டெல்லன்போஷ் நகரில் ஒரு மாணவி கொல்லப்பட்ட வழக்கில், டிவிடி உறையிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட ரேகை உண்மையில் ஒரு கண்ணாடித் தம்ளரிலிருந்து எடுக்கப்பட்டது என்று எதிர்த்தரப்பு நிபுணர்கள் வாதிட்டார்கள். குளியலறைத் தரையில் இருந்த இரத்தக்கறை குற்றம் சாட்டப்பட்டவரின் காலணித் தடம் என்ற கூற்றும் நிற்கவில்லை. 2007-இல் அவர் விடுதலை செய்யப்பட்டார். காலணித் தடம், நூலிழை, கண்ணாடித் துகள், வண்ணப்பூச்சு போன்ற சான்றுகள் பெரும்பாலும் ஒரு வகையைத்தான் சுட்டும். தனித்த தேய்மானமோ வெட்டோ இருந்தால் ஒழிய, குறிப்பிட்ட ஒரே பொருளைச் சுட்டா. டி.என்.ஏ.வும் ஒருவருடையது என்று சொல்லுமே தவிர, அது எப்போது, எதனால் அங்கே வந்தது என்பதைத் தானாகச் சொல்லாது. சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு மட்டுமே சொல்லி, மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் நிறுத்திக்கொள்ளும் மனம் உங்கள் மகளுக்கு இருக்கிறதா? மதிப்பெண் குறைந்தால் பயிற்சியால் உயர்த்தலாம். இதை உயர்த்துவது கடினம்.

இறந்தவரைத் தொட்டுவிட்டு வந்து வீட்டில் விளக்கேற்றலாமா என்று மாமியார் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இயற்கைக்கு மாறான மரணம் நேர்ந்த எந்த வீட்டிலும், உடற்கூறாய்வு முடிந்து உடல் கைக்கு வந்தால்தான் சடங்கு செய்ய முடியும் என்று ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த உடலை மரியாதையோடு ஆராய்ந்து ஒப்படைப்பவர் அந்தக் குடும்பத்துக்குச் செய்வது தொண்டு. இனவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய அகமது திமோலை நினைத்துப் பாருங்கள். 1971-இல் ஜொஹானஸ்பர்க் ஜான் வொர்ஸ்டர் சதுக்கக் காவல் கட்டடத்திலிருந்து விழுந்து அவர் இறந்தபோது, மறு ஆண்டு நடந்த மரண விசாரணை தற்கொலை என்றது. 2017-இல் விசாரணை மீண்டும் திறக்கப்பட்டபோது, பழைய உடற்கூறாய்வு ஆவணங்களை ஆராய்ந்த மருத்துவர்கள், விழுவதற்கு முன்பே ஏற்பட்ட காயங்கள் அவர் உடலில் இருந்ததைக் காட்டினார்கள். அது கொலை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உண்மையைப் பேசியவை அன்று எழுதி வைத்த காயக் குறிப்புகளே.

உடற்கூறாய்வுப் பணி 2006 முதல் காவல்துறையிடம் இல்லை. மாகாணச் சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. உடற்கூறாய்வு செய்யும் சிறப்பு மருத்துவராக வேண்டுமானால் மருத்துவப் பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டு உள்ளிருப்புப் பயிற்சி, ஓராண்டு சமூகப் பணி, அதன்மேல் குறைந்தது நான்கு ஆண்டு சிறப்புப் படிப்பு என்று நீண்ட பாதை காத்திருக்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்கு உதவ வேண்டும் என்பதுதான் அவள் நோக்கமென்றால், செவிலியர் படிப்பு முடித்துத் தடயச் செவிலியர் ஆகும் வழியையும் எண்ணிப் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கான துத்துசேலா பராமரிப்பு மையங்களில், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதும், மாதிரிகளை முறையாக எடுத்து முத்திரையிடுவதும், பாதிக்கப்பட்டவரிடம் பரிவோடு பேசுவதும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். இந்தத் துறையில் நான் மிக உயர்வாக மதிக்கும் வேலை அது.

வேதியியல் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நஞ்சு, போதைப்பொருள், இரத்த ஆல்கஹால் ஆகிய ஆய்வுகள் உண்டு. வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 0.05 கிராம் ஆல்கஹால் என்பது சட்ட எல்லை. தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02 கிராம். கணினி பிடித்தால் கைப்பேசி, கண்காணிப்புக் கேமரா, வங்கிப் பரிமாற்றம் போன்ற மின்னணுச் சான்றுகள் இருக்கின்றன. வங்கிகளும் தணிக்கை நிறுவனங்களும் இத்தகையோரைத் தேடுவதால், அரசுக்கு வெளியே வாய்ப்பு அதிகமுள்ள பிரிவு இதுவே. எந்தப் பிரிவானாலும், 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 212-ஆம் பிரிவின்படி நிபுணர் தம் முடிவை உறுதிமொழிப் பத்திரமாக எழுதித் தர வேண்டியிருக்கும். அது மறுக்கப்பட்டால் கூண்டில் ஏறி விளக்க வேண்டும். தெளிவாக எழுதவும் நிதானம் இழக்காமல் பேசவும் இப்போதே பழகட்டும். பள்ளி விவாதக் குழுவில் அவளைச் சேர்த்துவிடுங்கள்.

இனிப் படிவத்துக்கு வருவோம். கணிதத்தைத்தான் எடுக்க வேண்டும். அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் கணித எழுத்தறிவுப் பாடத்தை எடுத்தால் மதிப்பெண் கூடும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள், அறிவியல் பட்டத்துக்கான கதவு அங்கேயே அடைபட்டுவிடும். இயற்பியல் அறிவியலும் உயிர் அறிவியலும் கூடவே இருக்கட்டும். கூடுதல் மொழியாக இசிசூலு எடுக்க முடிந்தால் எடுக்கட்டும், ஏனென்றால் குவாசூலு-நேட்டாலில் சாட்சிகளோடும் சக பணியாளர்களோடும் அவள் பேசப் போகும் மொழி அது.

பட்டத்தைப் பொறுத்தவரை, ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தடய அறிவியலுக்கென்றே இளநிலைப் பட்டம் இருக்கிறது. ஆனால் பணியிடங்கள் எப்போது அறிவிக்கப்படும் என்று சொல்ல முடியாத நிலையில், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் வேதியியல், உயிர்வேதியியல், மரபியல் போன்ற பரந்த பட்டம் ஒன்றைப் பெற்று, பிறகு கேப்டவுன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுநிலையில் தடயத் துறைக்குத் திரும்புவதையே நான் பரிந்துரைப்பேன். தடய அறிவியலில் இடம் கிடைக்காத ஆண்டிலும் மருத்துவமனை, மருந்து, உணவு ஆய்வகங்கள் அவளுக்குத் திறந்திருக்கும். சில மாதங்களில் தடயவியல் சான்றிதழ் தருவதாகப் பெருந்தொகை கேட்கும் தனியார் வகுப்புகளில், தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தின் பதிவைச் சரிபார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். காவல்துறைப் பணிக்குக் குற்றப் பின்னணியற்ற பதிவு கட்டாயம் என்பதையும் அவளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன் அவளுடைய கணித, அறிவியல் விடைத்தாள்களையும் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வாருங்கள். மாமியாரும் வர விரும்பினால் அழைத்து வாருங்கள். அவருடைய கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்வதே முறை.