மதுரை வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் போட வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு திருமங்கலத்தில். வாரத்தில் இரண்டு நாள் மதுரை டவுனுக்குள் போய்வருவேன். மற்ற நாளெல்லாம் கடை, பள்ளிக்கூடம் என்று பக்கத்து ஓட்டம்தான். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், "நம்ம ஊர் வெயிலுக்கு 5டபிள்யூ-30 தண்ணியா ஓடிரும் சார், 20டபிள்யூ-50 ஊத்திருவோம்" என்கிறார். கடைக்காரர் ஃபுல் சிந்தெடிக்தான் என்கிறார். மேனுவலில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? மிச்சமாகும் ஆயிலை மகனுடைய பைக்கில் ஊற்றலாமா?

பதில்: மேனுவல் சொல்வதைக் கேளுங்கள். 5டபிள்யூ-30 போடுங்கள்.

உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. அம்பாசடரிலும் பழைய ஜீப்பிலும் கை பழகியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வண்டிகளுக்கு அது சரியாகவும் இருந்தது. உள்ளே இடைவெளி அதிகம், தேய்மானமும் அதிகம், கெட்டி ஆயில்தான் நிற்கும். உங்கள் எஞ்சின் அந்த வகை இல்லை.

முதலில் இந்த வெயில் கணக்கைப் பார்ப்போம். வெளியே 40 டிகிரி அடித்தாலும், மார்கழிக் காலையில் 21 டிகிரி இருந்தாலும், சூடேறிய எஞ்சினுக்குள் நிலைமை ஏறத்தாழ ஒன்றுதான். கூலன்ட் போகும் வழியில் தெர்மோஸ்டாட் என்று சின்ன வால்வு ஒன்று இருக்கிறது. 80 சொச்சம் டிகிரி வந்தால்தான் அது திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். இன்னும் ஏறினால் ஃபேன் சுற்றும். ஆயில் பொதுவாக 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கும். சித்திரைக்கும் மார்கழிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதியை ரேடியேட்டரே விழுங்கிவிடுகிறது. கோரிப்பாளையம் சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது வியர்ப்பது நமக்குத்தான்.

5டபிள்யூ-30இல் முன்னால் வரும் 5டபிள்யூ குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் வரும் 30 சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதையும் சொல்கின்றன. 30 என்றால், 100 டிகிரியில் அளந்தால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு, எண் கூடினால் கெட்டி) இருக்க வேண்டும். அதோடு விடுவதில்லை, 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்குவது போல நசுக்கியும் சோதிக்கிறார்கள். அதிலும் குறைந்தபட்சக் கெட்டித்தன்மை இருந்தால்தான் 30 என்று போட முடியும். வத்தலக்குண்டு தாண்டி இரண்டாம் கியரிலேயே கொடைக்கானல் ஏறினாலும் உங்கள் ஆயில் 150 டிகிரியைத் தொடாது. ஆகவே 'தண்ணியாகிவிடும்' என்ற பயம் வேண்டாம்.

தொல்லை சூட்டில் இல்லை, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான். 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் 10, 11 சென்டிஸ்டோக் என்றால், 40 டிகிரியில் சுமார் 60 இருக்கும். அதாவது 40 டிகிரிகூட இல்லாத நம் ஊர்க் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது, எஞ்சின் கேட்பதைவிட ஆறு மடங்குக்கு மேல் கெட்டியாகவே ஆயில் உட்கார்ந்திருக்கிறது. 20டபிள்யூ-50 அதே 40 டிகிரியில் 150ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கும். அது பம்ப்பில் இருந்து கிளம்பி, ஃபில்டர் கடந்து, மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏற வேண்டும். எஞ்சின் அதிகம் தேய்வது இந்த முதல் சில விநாடிகளில்தான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஷெட்டுக்கு ஒரு கார் வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஹெட்டுக்குள் இருந்து டக் டக்கென்று சத்தம். கொஞ்சம் ஓடிச் சூடேறினால் காணாமல் போய்விடும். வால்வைத் தள்ளும் டேப்பட்தான் கோளாறு என்று சொல்லி இரண்டு இடத்தில் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நான் எஞ்சினைத் தொடவில்லை. போன சர்வீஸ் பில்லைக் கொண்டுவரச் சொன்னேன். 20டபிள்யூ-50 என்று இருந்தது. வடித்துவிட்டு, மேனுவலில் உள்ள கிரேடும் புது ஃபில்டரும் போட்டோம். மறுநாள் காலை சத்தம் இல்லை. இப்போதைய பல எஞ்சின்களில் வால்வு திறக்கும் நேரத்தையே ஆயில் அழுத்தத்தைக் கொண்டுதான் மாற்றுகிறார்கள். அதற்கான துளைகள் ரொம்பச் சிறியவை. கெட்டி ஆயில் அங்கே திணறும். மைலேஜும் குறையும்.

கெட்டி ஆயிலுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. எஞ்சின் ஆயில் குடிக்கிறது, சைலன்சரில் நீலப் புகை வருகிறது என்றால், சில மேனுவல்களில் வெளி வெப்பநிலை வாரியாக ஒரு கட்டம் போட்டிருப்பார்கள்; அது அனுமதித்தால் 10டபிள்யூ-40 மாதிரி ஒரு படி ஏறலாம். ஆனால் அது நாள் தள்ளும் வேலைதான். வால்வ் சீலா, பிஸ்டன் ரிங்கா என்று பார்க்காமல் தீராது. 78,000 கிலோமீட்டர் ஒரு வயதே இல்லை. உங்கள் வண்டி ஆயில் குடிப்பதாக நீங்கள் எழுதவும் இல்லை.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. இன்றைக்கு நல்ல 5டபிள்யூ-30 என்று வருவதெல்லாம் பெரும்பாலும் சிந்தெடிக் அல்லது செமி சிந்தெடிக்தான். காசு இருந்தால் ஃபுல் சிந்தெடிக் நல்லது. அது சீக்கிரம் கெடாது. ஆனால் கேனில் பெரிதாக அச்சடித்த அந்தச் சொல்லைவிட, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) தரம்தான் எனக்கு முக்கியம். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல், சி என்று தொடங்கினால் டீசல். எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல். உங்கள் மேனுவல் எஸ்என் கேட்டால் எஸ்பி தாராளமாகப் போடலாம். பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் விளையாடக் கூடாது. சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது; சாம்பல் குறைவாக விடும் ஆயில் இல்லையென்றால் அது அடைத்துக்கொள்ளும், மாற்றும் செலவும் லேசில் முடியாது.

எந்தக் கம்பெனி என்று நீங்கள் கேட்கவில்லை. எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சர்வோ, மேக், காஸ்ட்ரால், ஷெல், மொபில் எதுவானாலும் கிரேடும் தரமும் பொருந்தினால் போதும். டூப்ளிகேட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். பில் தரும் கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ வாங்கி, சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். காலி கேனை நசுக்கிப் போடுங்கள். முழுதாக விட்டால் அது வேறு எதையாவது நிரப்பிக்கொண்டு திரும்பி வரும்.

எப்போது மாற்றுவது? பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. உங்கள் ஓட்டத்துக்கு நான் 7,500இலேயே மாற்றிவிடுவேன். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டியில் ஆயில் முழுசாகச் சூடேறாது. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியே இல்லாமல் ஆயிலோடு கலந்து கிடக்கும். வாரம் ஒரு முறையாவது பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் வண்டிக்கு ஃபில்டரோடு 3.1 லிட்டர் என்று மேனுவலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைப்பது 3.5 லிட்டர் கேன். 'கொஞ்சம்தானே சார்' என்று முழுதையும் கவிழ்த்துவிடுவார்கள். அளவு மிஞ்சினால் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரையை பம்ப் சரியாக ஏற்றாது. மூன்று லிட்டர் ஊற்றியதும் எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சமதளத்தில் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுக்கச் செருகி மறுபடி உருவுங்கள். ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றால் சரி. அதன் பிறகு மாதம் ஒரு தடவை, காலையில் வண்டி எடுக்கும் முன் இப்படிப் பார்த்தால் போதும்.

மிச்சமாகும் கால் லிட்டர், அரை லிட்டரை மகனுடைய பைக்கில் ஊற்றாதீர்கள். கியர் பைக்கில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் முழுகியிருக்கிறது. உராய்வைக் குறைக்கக் கார் ஆயிலில் சேர்க்கும் சில பொருட்கள் கிளட்ச்சை வழுக்கவிடும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் எஞ்சின் சீறும், வண்டி நகராது. பைக் ஆயில் கேனில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று ஜப்பானியத் தரக் குறியீடு போட்டிருக்கும், அதை வாங்கிக் கொடுங்கள். மிச்ச ஆயிலை மூடி இறுக்கி, மேலே தேதி எழுதி டிக்கியில் போட்டுவையுங்கள். டாப் அப் செய்ய ஆகும்.