மொட்டைமாடி சோலார் வயரிங்: பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

மீட்டரும் விண்ணப்பமும் எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு மின்வாரியம், அந்தப் பக்கம் கேரள மின்வாரியமான கேஎஸ்இபி. வயரிங் விதிகள் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகள், வயரிங்குக்கு இந்தியத் தரமான ஐஎஸ் 732, எர்த்துக்கு ஐஎஸ் 3043.

வேலந்தாவளம்: அண்ணா, 540 வாட் பேனல் 10 வாங்கியாச்சு. இன்வெர்ட்டர் 5 கிலோவாட். பத்தையும் ஒரே வரிசையாப் போடலாங்களா? ஒயர், எம்சிபி எவ்வளவு?

முதலில் இன்வெர்ட்டரின் டிசி (பேனலிலிருந்து வரும் நேர் மின்னோட்டம்) உச்ச வோல்ட்டைப் பாருங்கள். இந்த வகைப் பேனலின் திறந்த சுற்று வோல்ட் சுமார் 49.5. பத்துக்கு 495. அது 25 டிகிரி கணக்கு. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வோல்ட் சுமார் 0.27 சதவீதம் ஏறும். மார்கழி விடியலுக்கு 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 508 வோல்ட். 500 வோல்ட் இன்வெர்ட்டராக இருந்தால் முதல் வெயிலிலேயே போய்விடும், வாரண்டியும் கிடைக்காது. 600 வோல்ட் என்றால் தாராளமாகப் போடலாம். 500தான் என்றால், இரண்டு எம்பிபிடி (பேனல் வரிசைக்கான தனி உள்ளீடு) இருக்கும்பட்சத்தில் ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். 247 வோல்ட்டில் அது ஸ்டார்ட் ஆகுமா என்பதையும் டேட்டா ஷீட்டில் பார்த்துவிடுங்கள்.

டிசி ஒயர் 4 ஸ்கொயர் மி.மீ., ஈயம் பூசிய செம்பு, 1500 வோல்ட் டிசி சோலார் கேபிள் (ஐஎஸ் 17293). 25 மீட்டர் தூரத்துக்குப் போக வர இழப்பு மூன்று வோல்ட் சொச்சம். ஒரு சதவீதம்கூட இல்லை. டிசி ஐசொலேட்டர் (டிசியைத் துண்டிக்கும் சுவிட்ச்) 25 ஆம்ப்ஸ், 1000 வோல்ட் டிசி. வரிசைகளைத் தனித்தனி எம்பிபிடியில் கொடுத்தாலும், இரண்டை மட்டும் இணையாகச் சேர்த்தாலும் ஃபியூஸ் தேவையில்லை. மூன்று வரிசை இணையாகச் சேர்ந்தால்தான் தேவை. ஏசி பக்கம் 22 ஆம்ப்ஸ் ஓடும்: 32 ஆம்ப்ஸ் டபுள் போல் எம்சிபி, 6 ஸ்கொயர் செம்பு ஒயர்.

கோபாலபுரம்: வீட்ல 63 ஆம்ப்ஸ் எம்சிபி சும்மா கிடக்குதுங்க. டிசி பெட்டியில போட்டுக்கலாமா?

கூடாது. ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும். டிசியில் அணையாது, பெட்டிக்குள்ளேயே எரியும்.

கோவிந்தாபுரம்: கரண்ட் போனா சோலாரும் நின்னுடுது. பழுதா?

பழுதில்லை. ஆன்கிரிட் (மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும்) இன்வெர்ட்டர் லைன் போனதும் நின்றே ஆக வேண்டும். நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிர் போகும். இரவில் விளக்காவது வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர்.

மீனாட்சிபுரம்: இடிதாங்கி, டிசி, ஏசி மூணுக்கும் மூணு எர்த் குழி எடுத்தோம். மூணையும் சேர்க்கணுமா, தனியா விடணுமா?

குழி தனித்தனி. ஆனால் மண்ணுக்கடியில் மூன்றையும் சேர்க்க வேண்டும். 25×6 ஜி.ஐ. பட்டை போதும். அளக்கும்போது கழற்ற ஒரு டெஸ்ட் லிங்க் வையுங்கள்.

ஆனைமலை வயர்மேன்: இடிதாங்கி எர்த்தைச் சேர்த்தா இடி நேரா வீட்டுக்குள்ள வராதுங்களா? நாங்க இருபது வருசமா தனியாத்தான் விடுறோம்.

இந்தப் பயம் பலருக்கும் இருப்பதால் கணக்காகவே சொல்கிறேன். 20,000 ஆம்ப்ஸ் மின்னல் 5 ஓம் குழியில் இறங்கினால் அந்தக் குழி ஒரு லட்சம் வோல்ட்டுக்கு உயரும். மற்ற இரண்டு குழிகளும் பூஜ்யத்தில் நிற்கும். ஒன்று பேனல் ஃப்ரேமுக்கு, இன்னொன்று இன்வெர்ட்டர் பாடிக்கு. அந்த வித்தியாசம் இடிதாங்கிக் கம்பியிலிருந்து ஃப்ரேமுக்குத் தாவி, கேபிள் வழியாக இன்வெர்ட்டருக்குள் பாயும். சேர்த்திருந்தால் எல்லாம் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்கும். நடுவில் பாய ஒன்றும் இருக்காது. மின்னல் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்/ஐஈசி 62305ம் ஒரே எர்த் அமைப்பைத்தான் விரும்புகிறது.

ஆனைமலை வயர்மேன்: அப்போ இடிதாங்கிக் கம்பியையும் பேனல் ஸ்ட்ரக்சர்லயே கட்டி இறக்கிடலாமே?

அங்கேதான் தனியாக இருக்க வேண்டும். இறங்கு கம்பி ஸ்ட்ரக்சரைத் தொடாமல், வளைவில்லாமல், சுவர் வழியாகத் தன் குழிக்குப் போகட்டும். மேலே விலகல், கீழே இணைப்பு. ஐப்பசி இடி இங்கே மலையை ஒட்டி இறங்குவது உங்களுக்கே தெரியும், இதில் குறை வைக்காதீர்கள். எஸ்பிடியிலிருந்து (மின்னல் எழுச்சியைத் தடுக்கும் சாதனம்) எர்த் பாருக்குப் போகும் ஒயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். ஒரு மீட்டர் நீண்டாலே மின்னல் எழுச்சியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் அந்த ஒயரிலேயே கூடிவிடும். ஃப்ரேமை எர்த் செய்யும்போது பல் வாஷர் போடுங்கள். அனோடைஸ் பூச்சைக் கீறாமல் நட்டை மட்டும் முறுக்கினால் எர்த் தொடவே தொடாது.

ஆனைமலை வயர்மேன்: சரிங்க. பாறை நிலம், எர்த் 5 ஓமுக்குள்ள வரலைன்னா?

குழி ஆழத்தைவிட எண்ணிக்கை உதவும். குழிகளுக்கு இடையே எர்த் ராடு நீளத்தின் இரு மடங்கு தூரம் விட்டு இன்னும் இரண்டு இறக்கி இணையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: கரண்ட் போனா ஜெனரேட்டரோட சேர்த்து ஓட்டலாமா? நின்னு நின்னு போகுது.

நிற்பதற்கான காரணம் கோவிந்தாபுரத்துக்குச் சொன்னதுதான். ஜெனரேட்டரோடு ஆன்கிரிட்டைச் சேர்க்காதீர்கள்: வீட்டில் லோடு குறைந்ததும் மிச்ச மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பும்.

நெகமம்: மத்தியானம் பன்னண்டு மணிக்கு 'ஓவர் வோல்டேஜ்'னு நின்னுடுது. காலையில நல்லா ஓடுது.

230 வோல்ட்டின் 110 சதவீதம், அதாவது 253ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் விலக வேண்டும். மத்தியானம் மீட்டரிலும் இன்வெர்ட்டரிலும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். மீட்டரிலேயே 253 என்றால் தோப்பு மோட்டார்கள் நின்ற நேரத்தில் லைன் ஏறுகிறது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள், டிரான்ஸ்பார்மர் டேப்பை மாற்றி வோல்ட்டைக் குறைப்பார்கள். மீட்டரில் 245, இன்வெர்ட்டரில் 254 என்றால் குற்றம் உங்கள் ஒயர்மேல்தான். 27 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் போட்டிருந்தால் 22 ஆம்ப்ஸில் ஒன்பது வோல்ட் ஏறும். 10 ஸ்கொயர் போட்டால் இரண்டு வோல்ட் சொச்சம்தான். இன்வெர்ட்டர் செட்டிங்கை 270க்கு உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வீட்டுப் பொருட்கள் போகும்.

சித்தூர், பாலக்காடு: மானியம் எவ்வளவு கிடைக்கும்?

பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாய். மற்றதை அந்தத் தளத்தில் பாருங்கள்.

வண்ணாமடை: பொள்ளாச்சி வயர்மேன் இங்க வந்து போடலாமா?

உரிமம் மாநில வாரியாக. கேரள உரிமம் உள்ளவர் கையெழுத்து வேண்டும்.

ஆழியாறு: கரண்ட் போனா...

கோவிந்தாபுரம் பதில்.

கிணத்துக்கடவு: எம்சி ஃபோர் (பேனல் ஒயர் கனெக்டர்) பின்னை பிளையரால அழுத்திட்டோம், இழுத்தா வரல. போதுமா?

போதாது. இழுவைக்கு நின்றாலும் தொடர்பு தளர்வாக இருக்கும், வெயிலில் சூடேறி ஆறு மாதத்தில் உருகும். கிரிம்பிங் டூலால் புதுப் பின் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி கனெக்டர். கழற்றும் முன் ஏசியை அணைத்து, பிறகு டிசி ஐசொலேட்டர், அதற்குப் பிறகுதான் கனெக்டரில் கை.