கேசில்டனில் ஒரு வாரம்: எங்கே நடக்கலாம், எங்கே சைக்கிள் ஓட்டலாம்?

கேள்வி: எங்கள் மகள் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் படிக்கிறாள். மே மாதம் அவளைப் பார்க்கப் போகும்போது, பக்கத்தில் உள்ள கேசில்டன் கிராமத்தில் ஒரு வாரம் வீடு எடுத்துத் தங்கலாம் என்றிருக்கிறோம். எனக்கு வயது 58, மனைவிக்கு 55. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறோம், சைக்கிளும் ஓட்டுவோம். கார் கிடையாது. வரைபடத்தில் பாதைகள் எல்லாம் தனியார் மேய்ச்சல் நிலத்துக்குள் போவதாகத் தெரிகிறது. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையலாமா? எங்கெங்கே போகலாம்?

பதில்: தாராளமாக நுழையலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நிலம் விவசாயியுடையது, ஆனால் அதன் குறுக்கே போகும் அந்த வழி பொதுமக்களுடையது. அதை அவர் அடைத்துவைக்கவும் முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த வழி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே காலுக்கு ஒரு உரிமை, சக்கரத்துக்கு வேறு உரிமை.

வழி பிரியும் இடங்களில் கதவுக் கம்பத்தைப் பாருங்கள். உள்ளங்கை அளவில் ஒரு வட்டத் தகடு, அதில் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் பிரைடில்வே. அதில் நடக்கலாம், குதிரையில் போகலாம், 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சைக்கிளிலும் போகலாம். ஆனால் சைக்கிள்காரர்தான் நடப்பவருக்கும் குதிரைக்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஊதா, சிவப்பு அம்புகளும் உண்டு. அந்த இரண்டிலும் சைக்கிளுக்குத் தடையில்லை.

நீல அம்பைப் பார்த்த உடனே சைக்கிளை ஓட்டிக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள். போக உரிமை உண்டு என்பதைத்தான் அது சொல்கிறது, பாதை ஓட்டும்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. கேசில்டன் கோட்டைக்குப் பின்னால் இருக்கும் கேவ் டேல் பள்ளத்தாக்கே இதற்குச் சான்று. அது பிரைடில்வேதான், ஆனால் வழியெல்லாம் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் நடக்கவே வழுக்கும். அங்கே நிதானமாக நடந்து போங்கள், சைக்கிள் வேண்டாம்.

போனதும் முதல் வேலையாக ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனத்தின் ‘எக்ஸ்ப்ளோரர் ஓ.எல். 1’ வரைபடத்தை வாங்குங்கள். கேசில்டனைச் சுற்றியுள்ள பீக் மாவட்டம் என்ற மலைப்பகுதியில், டார்க் பீக் எனப்படும் வடபகுதிக்கானது, ஆரஞ்சு அட்டை. அளவு 1:25,000, அதாவது வரைபடத்தில் நான்கு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு கற்சுவரும் அதில் கோடாக இருக்கும். பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள் நடைபாதை, நீளக் கோடுகள் பிரைடில்வே. போனில் செயலி இருந்தாலும் காகித வரைபடம் கையில் இருக்கட்டும். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். திசை குழம்பினால் தலையைத் தூக்கிப் பாருங்கள்: ஹோப் சிமென்ட் ஆலையின் புகைபோக்கி அந்தப் பள்ளத்தாக்கில் பல இடங்களிலிருந்து தெரியும்.

இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல, அதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கேசில்டனுக்கு வடமேற்கே தெரியும் கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம் ஒரு காலத்தில் பணக்காரர்களின் பறவை வேட்டைக்காடு, மற்றவர்கள் கால்வைக்க முடியாது. 1932 ஏப்ரல் 24 அன்று, பெரும்பாலும் மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான இளம் தொழிலாளர்கள் தடையை மீறி அதில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டம் பொதுப்பாதைகளை அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிவுசெய்ய வைத்தது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இதே பீக் மாவட்டம்தான். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, புதர்நிலங்களைப் பாதையை விட்டு விலகியும் நடப்பதற்குத் திறந்துவிட்டது. உங்கள் வரைபடத்தில் வெளிர்மஞ்சள் பூசிய இடங்கள் அவை. அந்த உரிமையும் நடப்பவர்களுக்கு மட்டும்தான்.

சரி, வாரத்துக்கு வருவோம். முதல் நாள் மலைப் பக்கம் போகாதீர்கள். பீக்ஸ்ஹோல் வாட்டர் என்ற சிற்றாற்றை ஒட்டி ஹோப் கிராமம் வரை சமதளமான நடைபாதை இருக்கிறது, போக இரண்டரை கிலோமீட்டர் அளவு. நடுவில் சிமென்ட் ஆலைக்குப் போகும் ரயில் தண்டவாளத்தைக் கடப்பீர்கள், இருபுறமும் பார்த்துக் கடக்கவும். இந்தச் சின்ன நடையிலேயே கதவுகளும் கடவுகளும் பழகிவிடும். சில இடத்தில் கற்சுவரிலேயே நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் ஏறி இறங்க வேண்டும். சில இடத்தில் இரண்டு கல் தூண்களுக்கு நடுவே ஒரு இடுக்கு, முழங்கால் மட்டத்தில் ஒடுங்கியிருக்கும். மனிதர் பக்கவாட்டில் நுழைந்துவிடலாம், ஆடு நுழையாது. இன்னொரு வகையில், அடைப்புக்குள் ஒரு சின்னக் கதவு முன்னும் பின்னும் ஆடும். கதவைத் தள்ளி, மூலையில் ஒதுங்கி நின்று, கதவை மறுபக்கம் தள்ளிவிட்டு வெளியே வர வேண்டும். மஞ்சள் அம்புப் பாதையில் சைக்கிளைக் கொண்டுபோனால் என்ன பாடு என்பது அப்போதே புரியும். பெரிய கதவுகளை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விடுங்கள். மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும். ஆடுமாடு தண்ணீருக்குப் போவதற்காகத் திறந்துவைத்திருப்பார்கள்.

இரண்டாம், மூன்றாம் நாளில் வானம் தெளிவாக இருக்கும்போது மேம் டோர் ஏறுங்கள். உயரம் 517 மீட்டர். ஏறுவதற்கு நான் சொல்வது பழைய நெடுஞ்சாலை. இந்த மலை களிப்பாறையும் மணற்பாறையும் மாறிமாறி அடுக்கிய மலை, அதனால் ஓயாமல் சரிகிறது. எத்தனையோ முறை பழுதுபார்த்தும் தாங்காமல் 1979இல் சாலையை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். இப்போது அதில் நடந்தால் தார்ச்சாலை பாளம் பாளமாகப் பிளந்து, ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். பிளந்த விளிம்பில் குனிந்து பாருங்கள், ஒவ்வொரு முறையும் பழுதுபார்த்துப் போட்ட தார் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காகத் தெரியும். அந்தச் சாலை மூடியதால் மேற்கே போகும் கார்கள் பக்கத்து வின்னாட்ஸ் பாஸ் வழியாகத்தான் ஏறுகின்றன. குறுகலான, மிகச் செங்குத்தான சாலை அது. சைக்கிளில் அங்கே போகவே வேண்டாம்.

உச்சியிலிருந்து மலைமுகட்டில் நடந்து, முகடு தாழும் ஹாலின்ஸ் கிராஸ் என்ற இடத்துக்கு வந்து கேசில்டனுக்கு இறங்கினால் மொத்தம் எட்டு கிலோமீட்டர் அளவு. எவ்வளவு நேரம் பிடிக்கும்? 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்னும் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பத்து நிமிடம். கிராமத்திலிருந்து உச்சிக்கு ஏற்றம் சுமார் 330 மீட்டர். ஆக இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அது நிற்காமல் நடப்பவர்களின் கணக்கு, நீங்கள் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலின்ஸ் கிராஸ் வந்தபோது கால் தெம்பாக இருந்தால் லூஸ் ஹில் வரை போய் ஹோப்பில் இறங்கலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்த நடை முகட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஈடேல் கிராமத்திலிருந்து வருவது. ஹோப் நிலையத்தில் ரயிலேறி அடுத்த நிலையமான ஈடேலில் இறங்குங்கள். அங்கிருந்து ஹாலின்ஸ் கிராஸ் ஏறி கேசில்டனுக்கு இறங்கிவிடலாம். ஈடேலில் தேவாலயம் இல்லாத காலத்தில் இறந்தவர்களை இந்த வழியாகத்தான் கேசில்டனுக்குச் சுமந்து வந்தார்கள். ரயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நடையின் முடிவில் ரயில் என்றால் கடைசி ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தே நடக்க வேண்டியிருக்கும்.

சைக்கிளுக்கு லேடிபவர், டெர்வென்ட், ஹவ்டன் நீர்த்தேக்கங்கள்தான் சரியான இடம். டெர்வென்ட் அணைக்குப் பக்கத்தில் உள்ள ஃபேர்ஹோம்ஸில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். கேசில்டனிலிருந்து அங்கே டாக்சியில் போய், அங்கேயே சைக்கிள் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவது உங்களுக்குச் சுலபம். ஷெஃபீல்டிலிருந்து சைக்கிளை ரயிலில் கொண்டுவரவும் முடியும், இலவசம்தான். ஆனால் உள்ளூர் ரயில்களில் பொதுவாக இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம், முன்பே வேறு யாராவது ஏற்றியிருந்தால் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். சொந்த சைக்கிள் இருந்தால் ஹோப், தார்ன்ஹில் வழியாக வாருங்கள். அங்கிருந்து லேடிபவர் அணை வரை தார்ன்ஹில் டிரெயில் போகிறது. மேலே உள்ள டெர்வென்ட், ஹவ்டன் அணைகளைக் கட்டக் கல் ஏற்றிப்போன ரயில்பாதை அது. ரயிலுக்காகப் போட்டது என்பதால் ஏற்றம் தெரியாது. லேடிபவர் அணைநீரில் இரண்டு கிராமங்கள் மூழ்கியிருக்கின்றன, ஆஷொப்டனும் டெர்வென்ட்டும். இடதுபுறம் ஓட்டுவது நம் ஊர் மாதிரியேதான். குறுகலான சந்துச் சாலைகளில் இருபுறமும் கற்சுவர் இருப்பதால் வளைவுக்கு அப்பால் வரும் கார் தெரியாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாடுகள் விஷயத்தில் கவனம் வேண்டும். மே மாதத்தில் பசுக்கள் கன்றோடு இருக்கும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். பாதையின் மேலேயே படுத்திருந்தால் நன்றாகச் சுற்றிக்கொண்டு போங்கள். பின்னால் வந்தால் ஓடாமல் அமைதியாக நடந்து கதவை அடையுங்கள். கன்று அழகாக இருக்கிறதே என்று கிட்டே போய்ப் படம் எடுக்க வேண்டாம்.

மலையில் அடிபட்டால் 999ஐ அழைத்து, முதலில் போலீஸ், அப்புறம் மலை மீட்புக்குழு என்று கேளுங்கள். பிரிட்டிஷ் சிம் வாங்கியதும் ஆங்கிலத்தில் ‘ரெஜிஸ்டர்’ என்று 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி உறுதிசெய்துவிடுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் குறைந்த இடத்தில் குறுஞ்செய்தி வழியாகவே உதவி கேட்கலாம்.

மே மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகள் பொது விடுமுறை, முதலாவதும் கடைசியும். அன்றைக்கு மேம் டோரில் கூட்டம் நெரியும். உங்கள் வாரத்தில் அப்படி ஒரு திங்கள் வந்தால் அதைச் சைக்கிளுக்கு ஒதுக்குங்கள். ஃபேர்ஹோம்ஸுக்கு மேலே நீர்த்தேக்கத்தை ஒட்டிய சாலையைப் பொது விடுமுறை நாட்களில் கார்களுக்கு அடைத்துவிடுவார்கள். ஆனால் வாடகை சைக்கிள்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்துகொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.