4294967297 பகா எண்ணா?

கேள்வி: 4294967297 என்ற எண்ணை 100-க்குள் இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றாலும் மீதியின்றி வகுபடவில்லை. இதைப் பகா எண் என்று கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: கொள்ளக் கூடாது. இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ மிகச் சற்றே தாண்டுகிறது. அதுவரையிலான பகா எண்கள் 6542. நீங்கள் பார்த்திருப்பது அவற்றில் 25 மட்டுமே. ஆயினும் நீங்கள் தடுமாறிய இதே இடத்தில் பெரியவர் ஒருவரும் தடுமாறியிருக்கிறார். 3, 5, 17, 257, 65537 (அதாவது 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1) என்ற வரிசையில் அடுத்து வருவது உங்கள் எண்தான், அதாவது 2³² + 1. முதல் ஐந்தும் பகா எண்களாக அமைந்ததால், இவ்வரிசை முழுவதுமே அப்படித்தான் இருக்கும் என்று பிரான்சின் கணிதவியலாளர் பியர் டி ஃபெர்மா 1640-இல் நம்பி எழுதினார். சுவிட்சர்லாந்தில் பிறந்த கணிதவியலாளர் ஆய்லர் 1732-இல் அதைப் பொய்யாக்கினார்: 641 × 6700417 = 4294967297.

641-ஐ அடைய 6542 எண்களையும் துழாவ வேண்டியதில்லை. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதையும் ஆய்லர் நிறுவினார். அந்த நிபந்தனைக்கு உட்படும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குவதால், ஐந்தாவது வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், இதைவிட அழகானது இரு வர்க்கங்களின் கூட்டலைப் பற்றிய பண்பு. 4-ஆல் வகுக்க மீதி 1 தரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். உங்கள் எண்ணும் 4-ஆல் வகுக்க மீதி 1 தருவதே; ஆனால் அது 65536² + 1² ஆகவும், 62264² + 20449² ஆகவும் இருக்கிறது. காரணி எதுவும் தெரியாமலே இது பகு எண் என்று சொல்லிவிட இதுவே போதும். காரணியும் வேண்டுமென்றால், 65536-இலிருந்து 62264-ஐயும், 20449-இலிருந்து 1-ஐயும் கழியுங்கள். கிடைக்கும் 3272, 20448 ஆகியவற்றை அவற்றின் மீப்பெரு பொதுக்காரணியான 8-ஆல் வகுத்தால் 409, 2556 வரும். அவ்விரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 6700417!

வேடிக்கை என்னவென்றால், ஃபெர்மாவின் பெயராலேயே வழங்கும் சோதனை ஒன்று உண்டு. பகா எண் ஒன்றை எடுத்து, அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் (2 நீங்கலாக) மீதி 1 வர வேண்டும். 4294967297 இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது, பகு எண்ணாக இருந்தும். 2-க்குப் பதிலாக 3-ஐ வைத்து, (அடுக்கு 4294967296, அதாவது 2³² என்பதால்) ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு 32 முறை வர்க்கப்படுத்தினால் கடைசி மீதி 3029026160. அது 1 அன்று என்பதால் குட்டு வெளிப்பட்டுவிடும். கையால் போட்டாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் கணக்குதான் இது.